ஐயா பின்னிய கடைசிப் பின்னல்

8 ஒக்டோபர் 1927, சனி

விடியற்காலையிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. இவருக்குத் தோட்டக் கந்தோரில் வேலை குறைவு, எனக்கு வீட்டில் இரட்டிப்பு. ஈரத்துணி எங்கும்.

என்னைப் பெற்ற ஐயா போய்ச் சேர்ந்து இன்றோடு பத்தொன்பது நாள்.

அவர் பெட்டியைத் திறந்தேன். நீல உடுப்பு இரண்டு சோடி. பித்தளை விசில். பாய் தைக்கிற ஊசிகள். மெழுகு பூசிய நூல், ஆறு உருண்டை. என் மகள் பவளத்தின் முதல் பல், தீப்பெட்டிக்குள். நான் சின்னதில் எழுதிய கடிதம் ஒன்றுகூட இல்லை. தேடவில்லை என்று எழுதினால் பொய்.

பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு அரசாங்கப் போர்க்கப்பலில் சேர்ந்தவர். சிராங்காக, அதாவது கப்பலாட்களுக்கெல்லாம் மேலாளாக, இளைப்பாறினார். எனக்குப் பன்னிரண்டு வயதாகுமுன் அவரை நாலு தரம்தான் கண்டேன். அம்மா செத்தபின் கடல் தாண்டி இந்த ரப்பர் தோட்டத்துக்கு எங்களிடம் வந்தார். அப்போது பவளத்துக்கு ஒரு வயது. இப்போது ஏழு. அவளைத் தோளிலிருந்து இறக்கியதே இல்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் கப்பல் ஐயா.

அழுகை வரவில்லை. சோறு குழைந்துவிட்டது.

11 செவ்வாய்

வெயில். உடுப்புக் காய்ந்தது.

வாசல் கூட்ட வருகிற அஞ்சலை சொன்னாள்: “ஏம்மா, பாப்பா தலையில பேனு ஊருது. அந்தச் சடைய அவுத்து எண்ணெ வச்சுக் குளிப்பாட்டக் கூடாதா?”

கூடாதா என்றால்? ஐயா கடைசியாகப் பின்னியதைத் தொட பவளம் விட்டால்தானே.

ஒவ்வொரு நாள் காலையும் ஆறு மணிக்கு ஐயாவின் விசில். பவளம் ஓடிவந்து படியில் அவருக்கு முதுகு காட்டி உட்காருவாள். கப்பல் கயிறு திரிக்கிறதுபோல நாலு புரிப் பின்னல், நுனியில் மெழுகு நூலால் இறுக்கிச் சுற்று. மரத்தில் ஏறினாலும் தண்ணீர்க் கானில் விழுந்தாலும் ஒரு மயிர் கலையாது. கூலியாட்களின் லயத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கடைசி நாளன்றைக்கும் அப்படித்தான் பின்னிப் பள்ளிக்கு அனுப்பினார். மத்தியானம் சரிந்து படுத்தவர் எழும்பவில்லை.

செத்தவீட்டன்று எல்லாரும் தலைமுழுகினோம். இவள் தூண்கள்மேல் நிற்கிற வீட்டுக்கு அடியில் ஒளித்திருந்தாளாம். நான் கவனிக்கவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்றும் கழுத்து வரைக்கும்தான் தண்ணீர்.

எனக்கு அவர் ஒருநாளும் தலை பின்னிவிட்டதில்லை.

15 சனி

கோலசிலாங்கூரிலிருந்து சின்னம்மா வந்தாள், என் அம்மாவின் தங்கை. ஒரு கூடை கருவாடு, இரண்டு கூடை புத்திமதி.

“என்ன பிள்ளை, பெத்த தகப்பன் போயும் கல்லு மாதிரி நிக்கிறாய்? அதை விடு. இந்தப் பெட்டைக்குத் தலைமுழுக வாக்காமல் அந்தியேட்டி செய்தால் செத்தவீட்டுத் துடக்குப் போகுமே? ஊர் சிரிக்கப் போகுது!”

அந்தியேட்டி முப்பத்தோராம் நாள் சடங்கு, வருகிற வியாழன். ஐயாவின் சாம்பல் இருக்கிற மண்முட்டி கொய்யாமரத்தில் தொங்குகிறது. இவரும் சின்னம்மாவின் மகனும் சம்பான் தோணியில் கொண்டுபோய் ஆற்று வாயில் கடலில் கரைப்பார்கள்.

“நானும் வாறன் அப்பா” என்றாள் பவளம்.

“பொம்பிளைப் பிள்ளையள் அங்கை வாறேல்லை” என்றார் இவர்.

பின்னேரம் மடியில் இழுத்து வைத்து அவிழ்க்கப் பார்த்தேன். அந்த நூலுக்குத் தலையுமில்லை வாலுமில்லை. நகம்தான் உடைந்தது. பவளம் கையைக் கடித்துவிட்டாள். பல் தடம் இன்னும் இருக்கிறது. நோ இல்லை. எதுவுமே நோகவில்லை இந்த நாட்களில்.

மறக்காமல்: எள்ளு. பச்சரிசி. புது முட்டி. ஐயருக்கு வேட்டி.

17 திங்கள்

புண்ணுக்கு மருந்து கட்டுகிற ஆஸ்பத்திரி டிரசர் வந்து பார்த்தார். பிடரியில் புண், சிவந்து கிடக்கிறது. “பழுத்துச்சுன்னா மொட்டைதாம்மா அடிக்கணும். இன்னிக்கு நாளைக்குள்ள பாருங்க” என்றார். மருந்துத் தண்ணீர் ஒரு போத்தல் தந்தார்.

சின்னம்மா கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

18 செவ்வாய்

புழுக்கம். மழை இல்லை.

மத்தியானம் பவளம் பாயில் குப்புறப் படுத்து நித்திரை. பின்னலை வெட்டினேன், பிடரியோடு ஒட்ட. நாலு தரம் கத்தரிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம்.

எழுதக் கூசுகிறது. வெட்டும்போது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. எனக்குப் பின்னாத பின்னல்தானே.

எழும்பினாள். பின்பக்கம் கையைக் கொண்டுபோனாள். என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நின்றேன். அழவில்லை. தலைமுழுக வார்த்தேன், புண்ணைக் கழுவினேன், எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்து கொடுத்தாள். “அப்பாடா, முடிஞ்சுது” என்றாள் சின்னம்மா.

இராச்சாப்பாடு: இரசம், அப்பளம். பவளம் சாப்பிடவில்லை.

19 புதன்

நாளைக்கு வேண்டியது எல்லாம் வந்துவிட்டது. எள்ளு மட்டும் பத்தாங் பெர்ஜுந்தாய்க் கடையில் கிடைக்கவில்லை, இரவல்.

காலையில் மேசையிலிருந்த பின்னலை எடுத்துக்கொண்டு பவளம் அடுப்படிக்கு வந்தாள். நுனிச் சுற்றுக்குள் விரலை விட்டு எதையோ தடவினாள். ஒரு இழுப்பு. நூல் முழுதும் கழன்று விழுந்தது. பின்னலை ஒரு உதறு உதறினாள், நாலு புரியும் பிரிந்து வெறும் மயிராய்க் கையில் தொங்கிற்று.

“இவ்வளவுதான் அம்மா. அவிழ்க்கேலாத முடிச்சுப் போட்டால் அவன் கப்பல்காரனே இல்லையாம், அம்மப்பா சொல்லுவார்.”

“அப்ப ஏன் பிள்ளை நீ அவிழ்க்கேல்லை?”

“நாளைக்கு அம்மப்பாவைக் கடலிலை விட்டாப்பிறகு நானே இழுப்பம் எண்டு வைச்சிருந்தனான். நீங்கள் கேக்கேல்லையே.”

கேட்கவில்லை. சாப்பிட்டாயா, குளித்தாயா. முப்பது நாளில் வேறு என்ன கேட்டேன் அவளிடம்? பொறாமை பிடித்தவள் நான். செத்த மனிசனோடு, ஏழு வயதுப் பிள்ளையோடு.

இவரிடம் சொன்னேன், நாளைக்கு நாங்கள் இரண்டுபேரும் சம்பானில் வருகிறோம் என்று. என் முகத்தைப் பார்த்தார், பிறகு இன்னும் இரண்டு குடை எடுத்து வைத்தார்.

20 வியாழன்

ஆற்றுநீர் கடலுக்கு இறங்குகிற வற்று முடியுமுன் புறப்பட்டோம். காற்று இல்லை. சின்னம்மா வரவில்லை, கோபம்.

ஆற்று வாயில் இவர் முட்டியைக் கவிழ்த்தார். பவளம் மயிரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். உடனே தாழவில்லை, வெகுநேரம் சம்பானோடு வந்தது.

திரும்பும்போது பவளம் எழும்பி வந்து, எனக்கு முதுகு காட்டி முழங்காலுக்கு நடுவே உட்கார்ந்தாள். பின்ன முடி இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மொட்டைப் பிடரியில் கையை வைத்தேன். எடுக்கவில்லை.