உங்கள் பெயரில் நான் ஆடிய சீட்டு

அன்பும் சண்டையுமாய் என்னோடு சீட்டாடிய செல்வராசு மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அக்கா நன்றாக இருக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். என்னோடு அவள் பேசுவதில்லை. காரணத்தை உங்களிடமாவது சொல்ல வேண்டும்.

இணையத்தில் போக்கர் ஆடும் பழக்கத்தை உங்களுக்கு ஒட்டவைத்தவன் நான்தான். கடலூர் பழைய டவுனில் நீங்கள் வேலை பார்த்த ஐஸ் பேக்டரிக்கு லீவு விட்டால், அங்கிருந்து பஸ் ஏறி என்னைத் தேடி அண்ணாமலை நகர் பிரவுசிங் சென்டருக்கு வந்துவிடுவீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே அக்கவுண்ட், உங்கள் பெயரில். பந்தயம் ஒரு டீக்குக்கூடக் காணாது. ஆனாலும் கையில் இரண்டு ஆஸ் வந்தால் என் தொடையைக் கிள்ளுவீர்கள். கடைசிச் சீட்டில் எவனாவது தட்டிக்கொண்டு போனால், "இவன்லாம் வெளங்குவானாடா?" என்று மானிட்டரைப் பார்த்துக் கத்துவீர்கள். "சார், பக்கத்துல புள்ளைங்க புராஜெக்ட் பண்ணுதுங்க" என்பார் சென்டர்காரர். ஒரு மணி நேரத்தில் பத்து தடவை செத்துப் பிழைப்போம்.

நெஞ்சுவலி வந்து நீங்கள் போன அன்று நான் அழவில்லை. சுடுகாட்டிலும் அழவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. "கல்லு மாதிரி நிக்கிறியேடா" என்றார் சித்தப்பா. இருக்கலாம்.

கருமாதி அன்று அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவைதான் முதலில் விழ வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? அம்மா அப்பா இல்லாத பிறகு அவளுக்குப் பிறந்த வீடு நான் ஒருவன்தான். புடவைப் பையோடு காலையிலேயே கிளம்பினேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. சென்டர் திறந்திருந்தது. ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

கையில் இரண்டு ராணி. மேசையில் விரித்ததில் இன்னொரு ராணி. இருந்ததையெல்லாம் அள்ளினேன். ஒன்றுமே தோன்றவில்லை, மாமா. அப்போது எதிரே ஆடியவன், 'செல்வராசு, பிரமாதமாக ஆடினீர்கள்' என்று இங்கிலீஷில் எழுதினான். நன்றி என்று உங்கள் பெயரில் நான் தட்டினேன். நீங்கள் செத்தது அவனுக்குத் தெரியாது. அந்த ஒரு மேசையில் மட்டும் நீங்கள் இருந்தீர்கள். எழுந்தால் அங்கிருந்தும் போய்விடுவீர்கள். எப்படி எழுவேன்? ஜெயித்தேன், தோற்றேன், பையை மடியில் வைத்துக்கொண்டே ஆடினேன்.

கடலூர் போய்ச் சேர்ந்தபோது பந்தல் பாதி காலி. காத்திருந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த புடவையை முதலில் போட்டுவிட்டார்கள்.

"பஸ் பிரேக்டவுன்க்கா" என்றேன்.

அக்கா பையை வாங்கவில்லை. "எனக்குன்னு யாரும் இல்லன்னு ஊரே பாத்துச்சு. போடா" என்றாள்.

அந்தப் புடவை என் பீரோவில்தான் இருக்கிறது. நான் இன்னும் ஆடுகிறேன். ஜெயித்தால் சந்தோஷம் இல்லை, தோற்றால் கோபம் இல்லை. கூட ஆடுகிறவர்கள் இதைப் பக்குவம் என்கிறார்கள். உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா?

வரும் ஞாயிறு கடலூர் போகிறேன். பஸ் ரிப்பேர் ஆகவே இல்லை என்று அக்காவிடம் சொல்லிவிடுவேன். எங்கே உட்கார்ந்திருந்தேன், யார் பெயரில், எல்லாம். அவள் கை ஓங்கினால் நகர மாட்டேன். இது சத்தியம். ஒரு அடியாவது விழட்டும், மாமா. வலிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மச்சான்,
பாலு