நகராத இடது கால்

என் சில்லுவண்டு முனீஸ்வரிக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இருக்கிறேன். நீ நல்லாயிருக்கிறாய் என்பது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்துத் தெரியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் கேட்டால் பிராக்டிஸ் இருக்கும்மா என்று கட் பண்ணிவிடுகிறாய். தாளை எப்படிக் கட் பண்ணுவாய் பார்க்கிறேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, பிழையை நீயே திருத்திப் படித்துக்கொள்.

உங்க அப்பா போய் நாளையோடு மூன்று மாசம். திருவாதவூரிலிருந்து உன் மாமா காளை வருகிறான், தனியா கெடக்காதக்கா ஊருக்கு வந்துரு என்று நச்சரிக்கிறான், நான் திருநகரை விட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அது கிடக்கட்டும். முந்தாநாள் நீ புனேயில் துப்பாக்கி சுடுவதை எடுத்து அனுப்பிய வீடியோவைப் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அக்கா தன் போனில் காட்டினாள். ஏத்தா ஒம்மக நிக்கிற நெலையப் பாரு, எல்லச்சாமி கணக்கா என்று அவளுக்கு ஒரே பெருமை. நான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன், கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

துப்பாக்கியைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைப்பாய். குண்டு போடாமல் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து உன்னைத் தினமும் அரைமணி நேரம் உங்க அப்பா சுடச் சொன்னபோது, சுவத்துல என்னங்க இருக்கு, பிள்ளைய ஏமாத்துறீகளா என்று கேட்டவள்தான் நான். டிரிக்கர அமுக்கையில கை ஆடுதான்னு வெறுந்துப்பாக்கியிலதான்டி தெரியும், குண்டு போட்டா அம்புட்டும் சத்தத்துல மறைஞ்சுரும் என்றார். கண்ணை மூடிக் கையைத் தூக்கு, பிறகு கண்ணைத் திற, குறி விலகியிருந்தால் கையைத் திருப்பாதே, பின்னால் இருக்கிற இடது காலைத் துளி நகர்த்து என்று எட்டு வருஷமாக அதையேதான் சொன்னார். கையத் திருப்புனா பத்துக் குண்டுக்குத் தாங்கும், போட்டியில சுடுற அறுபதுக்குத் தாங்காது என்பார். அவர் கண் துப்பாக்கி நுனியில் இருக்கும். காளவாசல் ஓட்டலுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு உன் காலைத் தவிர வேறென்ன தெரிந்தது? அந்தக் கால் எனக்கு மனப்பாடம்.

வீடியோவில் நீ கண்ணைத் திறந்தாய், குறி விலகியிருந்தது, இடது கால் அசையவில்லை, மணிக்கட்டைத் திருப்பினாய். மறுபடியும் அப்படியே. குதிங்கால் தரையில் முழுசாகப் படியவும் இல்லை. உடனே உனக்குப் போன் போட்டேன், உன்கூடத் தங்கியிருக்கிற அஸ்வினி எடுத்து, அவ படி எறங்கி வர நேரமாகும் ஆன்ட்டி என்றாள். ஏம்மா என்று கேட்டதும், இல்ல ஆன்ட்டி குளிக்கிறா என்கிறாள். படி இறங்குகிறவள் எங்கேடி குளிப்பாள்? பொய் சொல்லக்கூட அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை, நீதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

அப்பா காரியத்தன்று ஈரப் படியில் சறுக்கி விழுந்து ஒண்ணுமில்லம்மா என்று எழுந்தாயே, அதுவா? நீ புனேக்குக் கிளம்பும்போது, தாலி அறுத்தவள் எதிரே வரக்கூடாது என்று நானாகவே அடுப்படியில் நின்றுகொண்டேன். எவன் சொன்னான் இதெல்லாம் என்று வாசலில் நின்று கத்தினாய், அப்போதும் வரவில்லை. வந்திருந்தால் நீ தெருவில் நடந்து போனதைப் பார்த்திருப்பேன். சகுனம் பார்த்தேன், உன் காலைப் பார்க்காமல் விட்டேன்.

உங்க அப்பாவும் ஒண்ணுமில்ல, வாயுதான் என்று சொல்லித்தான் வேலைக்குப் போனார், சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த வார்த்தையை இனிமேல் யார் சொன்னாலும் நம்ப மாட்டேன், நீ சொன்னாலும்தான். டீமுக்கு ஆள் எடுக்கிற செலக்‌ஷன் போனால் போகிறது, அடுத்த வருஷம் வரும். அவர் ஆசைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காதே. கோச் சாரிடம் சொல்லு, டாக்டரிடம் காட்டு.

பாண்டிமுனி உன் காலுக்குத் துணை நிற்கட்டும், நூறு வயசு நல்லா நடந்து திரி. மறக்காமல் இன்னொரு வீடியோ அனுப்பு. முகம் வேண்டாம், சிரித்து ஏமாற்றிவிடுவாய். இடுப்புக்குக் கீழே போதும், ஜன்னலிலிருந்து கதவு வரை நடந்து திரும்பி வா.

உன் நினைப்பாகவே இருக்கிற அம்மா
முத்துத்தாய், திருநகர்

மடிக்கப் போகும்போது இதையும் எழுதத் தோன்றியது. கடைசியாக வேலைக்குப் போன அன்றைக்குக் காலையில் உங்க அப்பா வாயுவுக்கு ஓமத்தண்ணி குடித்தபோது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படி அவர் பிடித்து நான் பார்த்ததே இல்லை. வேலைக்கு நேரமாச்சு என்று சாப்பாட்டுத் தூக்கைத்தான் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு அப்போதே தெரிந்திருந்ததா சில்லு, தெரியாமல்தான் அனுப்பினேனா?