ரோபோவுக்கு வைத்த வணக்கம்

அன்புள்ள மருமகளே,

என் தொண்டைப் புற்றுக்கு ரோபோதான் ஆபரேஷன் செய்யும் என்று அன்றைக்கே சொன்னேனா இல்லையா?

தியேட்டருக்குள் போனதும் கம்பீரமாக வணக்கம் வைத்தேன். நர்ஸம்மா சிரித்துவிட்டாள். "ஐயா, அது மயக்க மருந்து மெஷின். ரோபோ அந்தப் பக்கம் நிக்குது."

திரும்பிப் பார்த்தேன். கூரையைத் தொடும் நாலு கை! டாக்டரோ மூலையில் ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே அந்தக் கைகளை ஆட்டி, என் வாய் வழியாகக் கட்டியை எடுத்துவிட்டார். கழுத்தில் கீறல்கூட இல்லை.

கண் விழித்து உன்னைக் கூப்பிட்டேன். வெறும் காற்றுதான் வந்தது. ஏலம் கூவி கடையையே அதிரவைத்த குரலம்மா! அந்தத் திகைப்பு இன்னும் அடங்கவில்லை.

பத்து நாளில் குரல் திரும்பும் என்று டாக்டர் சொன்னதாக நேற்று சிலேட்டில் எழுதிக் காட்டினேனே, அது நான் விட்ட சரடு. அவர் சொன்னது, "பாக்கலாங்க" மட்டும்தான்.

இப்படிக்கு,
உன் மாமா