'வ. மட்டும்' என்பதன் பொருள் குறித்து

அனுப்புநர்
மனுதாரர், இளங்கலை (புவியியல்),
சலவைக் கடை மாடி,
நூலகத்துக்கு எதிர்ச் சந்து.

பெறுநர்
வட்டார நிர்வாக அலுவலர் அவர்கள்,
வட்டார அலுவலகம், முதல் தளம்.

பொருள்: என் குறிப்பேட்டிலிருந்து எடுத்துத் தவறாக அச்சிடப்பட்ட ஓட்டப் பாதை வழிகாட்டியைத் திரும்பப் பெறவும், வரும் ஞாயிறு காலை நடக்கவிருக்கும் போட்டியின் நேரத்தை மாற்றவும், இதற்குப் பொறுப்பானவர் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் தாயார் கீழே உள்ள சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். இது நேரில் வந்து சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. இடையில் நிறுத்தாமல் கடைசி வரி வரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. இரண்டு ஆண்டுகளாக இந்த வட்டாரத்தில் ஓடி, மூன்று பாதைகளை அளந்து குறித்து வைத்தேன். முதலாவது வயல்வெளி வழியாக ஏழு கிலோமீட்டர். இரண்டாவது காட்டுக்குள் ஒன்பது. மூன்றாவது கடலோரமாக ஆறு. யார் கண்ணிலும் படாமல் ஓட வேண்டும் என்பதால் விடியற்காலையில்தான் போவேன். நாய்களுக்குப் பயந்து தாயார் சைக்கிளில் கூட வருவார். காட்டுப் பாதை செங்குத்தாக ஏறும் இடத்தில் சைக்கிள் ஏறாது, அங்கே நின்றுகொள்வார். எந்த வேர் காலைத் தடுக்கும், எந்த வரப்பு மழைக்குப் பின் வழுக்கும், கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் சுருக்கெழுத்தாக எழுதினேன். ஓடிக்கொண்டே எழுதியதால் முழுச் சொல் எழுத முடியாது. அந்தச் சுருக்கங்கள் எனக்கு மட்டுமே புரியும். பிறருக்கும் புரியும்படி விளக்கம் எழுதித் தருவதாகத்தான் இருந்தேன்.

3. சென்ற ஆண்டு அந்த நோட்டை ஓட்டக் கழகச் செயலாளரிடம் கொடுத்தேன். இந்தப் பாதைகளைக் கழகம் ஏற்றுப் பலகை வைத்தால், என்னைப் போன்ற பெண்கள் பகலிலும் தைரியமாக ஓடலாம் என்று நினைத்தேன். "வச்சிட்டுப் போம்மா, பெரியவங்க நாங்க பாத்துக்குறோம்" என்றார். விளக்கம் எழுதித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

4. நான்கு மாதம் கழித்து வழவழப்பான தாளில் வழிகாட்டி வெளிவந்தது. தொகுத்தவர் என்ற இடத்தில் செயலாளர் பெயர் இருந்தது. அட்டையில் அவர் காட்டுப் பாதையில் பாய்ந்து ஓடுவது போல ஒரு படம். அவருடைய கால்சட்டையில் முன்பக்க மடிப்பு கத்தி போல நிற்கிறது. அந்த மடிப்பை முந்தின நாள் என் தாயார்தான் தேய்த்துக் கொடுத்தார். ஒன்பது கிலோமீட்டர் ஓடிய கால்சட்டையில் மடிப்பு நிற்காது என்பதைத் தாங்களும் அறிவீர்கள்.

5. இது என் குறிப்பேடுதான் என்பதற்கு வெளிச் சாட்சி தேவையில்லை. வழிகாட்டியே சாட்சி.

(அ) வயல் பாதையில் டயர் ஒட்டும் கடைக்கு அருகே, "க. நாய், பொய்" என்று குறித்திருந்தேன். அங்கே உள்ள கறுப்பு நாய் குரைப்பது வெறும் பாவனை, கடிக்காது என்று பொருள். வழிகாட்டியின் ஆறாம் பக்கத்தில் அது "கறுப்புநாய்ப் பொய்கை: குளிர்ந்த நீர், சற்று இளைப்பாறலாம்" என்று ஆகிவிட்டது. அங்கே பொய்கையும் இல்லை, குட்டையும் இல்லை. வாரம் நான்கு பேராவது வந்து டயர்கடைக்காரரிடம் தண்ணீர் எங்கே என்று கேட்கிறார்கள். "பொய்கை போயிருச்சு, நாய் மட்டும்தான் மிச்சம்" என்று சொல்லி அவர் தம் குடத்திலிருந்து ஊற்றிக் கொடுக்கிறார்.

(ஆ) காட்டுப் பாதையில் "அம்மா நிற்கும் இடம்" என்று எழுதியிருந்தேன். காரணத்தை மேலே சொல்லியிருக்கிறேன். வழிகாட்டியிலோ, கடலுக்குப் போன மகனை எதிர்பார்த்து ஒரு தாய் காலமெல்லாம் நின்ற தொன்மையான இடம் என்று அரைப்பக்கக் கதை இருக்கிறது. போதாததற்கு அந்த இடத்தில் ஒரு கல்லும் நட்டிருக்கிறார்கள். என் தாயார் அதைப் பார்த்துவிட்டு, "நான் உசுரோட இருக்கும்போதே எனக்குக் கல்லு நட்டுட்டானுங்களேடி!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6. செயலாளரைப் பார்த்துக் கேட்டேன். அறையில் கழக உறுப்பினர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். "ஏம்மா, ஓடுற பாதைக்கெல்லாம் பட்டா வாங்கி வச்சிருக்கியா?" என்றார். ஐவரும் சிரித்தார்கள். நோட்டைத் திருப்பிக் கேட்டேன். "அந்தக் கோழிக்கிறுக்கலா? எங்கயோ கெடக்கும், போ" என்றார். அன்று நான் எதுவும் பேசாமல் வந்துவிட்டேன். யார் யார் சிரித்தார்கள், யார் கடைசியாக நிறுத்தினார் என்பது எனக்கு இன்னும் வரிசையாக நினைவிருக்கிறது. தேவைப்பட்டால் எழுதித் தருவேன்.

7. இதுவரை சொன்னது எனக்கு நேர்ந்தது. இனிச் சொல்வது பிறருக்கு நேர்ந்ததும் நேரப்போவதும்.

கடலோரப் பாதையின் நான்காம் கிலோமீட்டரில் ஒரு பெரும்பாறை இருக்கிறது. அங்கே வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் படிகள் ஏறிப் பாறைக்கு மேலே போகும்; எந்த நேரமும் போகலாம். வலப்பக்கம் பாறையின் அடியில் மணலில் போகும். கடல் வற்றியிருக்கும்போதுதான் போக முடியும். ஏறியிருந்தால் அங்கே மார்பளவு தண்ணீர் நிற்கும். அலை ஆளைப் பாறையில் அறையும். ஆகவே அடிவழிக்கு நேரே "வ. மட்டும்" என்று எழுதினேன். வற்றும்போது மட்டும் என்று பொருள். செயலாளர் அதை "வலப்புறம் மட்டும் செல்லவும்" என்று விரித்துத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்.

சென்ற மாதம் வெளியூர்க் கணவன் மனைவி இருவர் வழிகாட்டி சொன்னபடி வலப்புறம் போய்ப் பாறையடியில் மாட்டிக்கொண்டார்கள். படகு பழுது பார்ப்பவர் கயிறு வீசி இழுத்திருக்காவிட்டால் இருவருமே இன்று இல்லை. அந்த அம்மாளுக்குக் கணுக்கால் முறிந்தது. "புத்தகத்த ஒழுங்காப் படிக்கத் தெரியல" என்று செயலாளர் கழகக் கூட்டத்தில் சொன்னார். அவர்கள் ஒழுங்காகத்தான் படித்தார்கள். அவர்கள் கையில் இருந்த நனைந்த பிரதியைப் படகுக்காரர் என்னிடம் கொடுத்தார், இத்துடன் இணைத்துள்ளேன். அந்தத் தடித்த எழுத்து வரி உள்ள பதினெட்டாம் பக்கத்தின் மூலை மடக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

8. வரும் 14ஆம் தேதி ஞாயிறு காலை ஏழரை மணிக்கு அதே பாதையில் கழகம் போட்டி நடத்துகிறது. கையில் கொடியுடன் செயலாளரே முன்னால் ஓடுவார் என்று சுவரொட்டி சொல்கிறது. அன்று கடல் முழுதாக ஏறும் நேரம் எட்டு மணி பத்து நிமிடம். ஓடுகிறவர்கள் பாறைக்கு வந்து சேரும்போது அதுதான் நேரம்.

9. ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். இந்தக் கணக்கை நான் முதலில் போட்டபோது தங்களுக்கு எழுதத் தோன்றவில்லை. அவர் போகட்டும் என்று இருந்தேன். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது நாளும் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பிறகு நூலகச் சுவரில் போட்டியாளர் பட்டியலை ஒட்டினார்கள். இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். அதில் அறுபத்தொரு பேர் பள்ளி மாணவிகள். கொடிக்குப் பின்னால் ஓடப்போகிறவர்கள் அவர்கள்தான். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

10. வெள்ளிக்கிழமை செயலாளரிடம் மீண்டும் போனேன். இந்த முறை நாக்கு ஒட்டவில்லை. 'வ' என்றால் என்ன என்று சொல்லிவிட்டேன். "வ-ன்னா வலதுன்னு சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும். நீ எழுதுனது உனக்கே புரியல, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்ட" என்றார். தலைமை விருந்தினர் காலையில்தான் வருவாராம்; நேரத்தை மாற்ற முடியாதாம்.

11. ஆகவே கீழ்க்கண்டவற்றை ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

போட்டியைக் கடல் வற்றியிருக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்ற வேண்டும், அல்லது அனைவரையும் இடப்பக்கப் படிகள் வழியாக அனுப்ப வேண்டும். இதற்கு எந்த நிபந்தனையும் நான் வைக்கவில்லை.

வழிகாட்டியின் எல்லாப் பிரதிகளையும் திரும்பப் பெற வேண்டும். திருத்திய பதிப்பில் பாதைகளை அளந்தவர் பெயர் வர வேண்டும். என் நோட்டு என் கைக்கு வர வேண்டும்.

செயலாளரைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும். அதற்கு முன், கூடியிருக்கும் ஓட்டக்காரர்கள் எதிரில் அவரே ஒலிபெருக்கியில் தம் வாயால் திருத்தங்களைப் படிக்க வேண்டும்: பொய்கை இல்லை, நாய்தான், நின்ற தாய் பழங்கதைத் தாய் இல்லை, அவருடைய கால்சட்டையைத் தேய்ப்பவர், 'வ' என்றால் வலது இல்லை. அந்த ஐந்து உறுப்பினர்களும் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். சிரிப்பதானால் சிரிக்கலாம்.

மன்னிப்புக் கடிதம் எதுவும் வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

12. இந்த மனுவின் நகலைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளேன். ஆகவே அவருக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல இயலாது. சனிக்கிழமை மாலைக்குள் தங்கள் ஆணை வராவிட்டால், ஞாயிறு காலை ஏழு மணி முதல் நானும் தாயாரும் படகுக்காரரும் பாறைப் பிரிவில் இருப்போம். ஓடி வரும் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இடப்பக்கப் படியில் ஏற்றிவிடுவோம். கொடியுடன் முன்னால் வருபவருக்கு மட்டும் நாங்கள் வழி சொல்லப்போவதில்லை. அவரிடம் அவர் எழுதிய புத்தகம் இருக்கிறது.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மனுதாரர்

நாள்: 9, செவ்வாய்க்கிழமை
இடம்: மேற்கண்ட முகவரி

இணைப்பு: நனைந்த வழிகாட்டி, பிரதி ஒன்று, 14ஆம் தேதிக்கான கடல் ஏறும், வற்றும் நேரங்கள், தாள் ஒன்று.
நகல்: செயலாளர், ஓட்டக் கழகம்.