கடுகுச் செடியின் சாம்பல்

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டுக்காரர்கள் வேலியோரத்துச் செடிகளை வெட்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். புகை உள்ளே வந்ததும் என் மனைவி இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள். நான் எழுந்திருக்கவில்லை. மலைமேல் நெல்லிவாசல்நாட்டில், உங்கள் கொல்லைக் காட்டில் கடுகுச் செடிகள் எரிந்தபோது வந்த புகையும் இப்படித்தான் கண்ணைக் கரித்தது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன். கோழைக்கு இதுதான் வசதி.

உங்கள் கொல்லைக்கு மேலே யாரோ எந்தக் காலத்திலோ சுரங்கம் தோண்டிப் பார்த்துவிட்டு, கல்லையும் மண்ணையும் மேடாகக் கொட்டிப் போயிருந்தார்கள். மழைக்கு மழை அந்த மேடு கரைந்து உங்கள் நிலத்தில் இறங்கியது. மண்ணில் ஈயம் இருக்கிறது, இதில் விளைவது குழந்தைகளுக்கு ஆகாது என்று நான்தான் வந்து சொன்னேன். ஒரு கல்லூரியின் ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்குக் கள உதவியாளர் வேலை. மண்ணை அள்ளி அள்ளிப் பையில் கட்டுவதைப் பார்த்து 'மண்ணு சாரு' என்று பேர் வைத்தீர்கள். அப்புறம் மலையில் ஒருவரும் என்னை வேறு பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

நீல டிரம்மில் நான் கொண்டுவந்த நுண்ணுயிர்க் கரைசலை எட்டிப் பார்த்து முகம் சுளித்தீர்கள்.

"இன்னா சாரு, புளிச்ச கூழாட்டம் கீது?"

"இதுல கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்குக்கா. மண்ணுல ஒட்டியிருக்கற ஈயத்தை அதுங்க இளக்கிக் குடுக்கும். கடுகுச் செடி வேர் வழியா இழுத்துக்கும்."

"பாலுக்கு ஒறை ஊத்துறாப்ல. அப்டி சொல்லு!"

எங்கள் பேராசிரியர் பத்துப் பக்கத்தில் எழுதியதை நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். மூன்று வருடம் சாமை விதைக்காமல், எங்கள் கடுகுக்காக நிலத்தை விட்டுக்கொடுத்தீர்கள். ரேஷன் அரிசியில் குடும்பம் ஓடியது. நான் வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "எப்ப சாரு சாமை வெதைக்கலாம்?" நானும் ஒரே பதில்தான் சொன்னேன்: "அடுத்த வருசம்கா."

பொய் சொல்லவில்லை. ஈயம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டுதான் வந்தது. பிடுங்கிய செடிகளையெல்லாம் கொல்லை ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் குவிக்கச் சொன்னேன். வண்டி வந்து எடுத்துப் போகும் என்றேன். அந்த வண்டி ஏதோ ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. மூன்று வருடமும் காத்திருந்தது.

அன்றைக்கு ஜீப்பிலிருந்து இறங்கும்போதே புகை தெரிந்தது. தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கடைசியாகப் பிடுங்கிய ஈரச் செடிகள் மட்டும் புகைந்துகொண்டிருந்தன. நீங்கள் முறத்தில் சாம்பலை ஏந்தி நிலம் முழுக்க வீசிக்கொண்டிருந்தீர்கள்.

"வண்டி எங்க சாரு வரப்போவுது? மழ வர்றதுக்குள்ள நானே வேலைய முடிச்சிட்டேன். சாம்பலு நல்ல எரு."

மழைக்கு முன்னால் செத்தையைக் கொளுத்திச் சாம்பலை நிலத்தில் தூவுவது உங்கள் மலையில் எல்லாரும் செய்வதுதான். அது எனக்குத் தெரியும். ஈயம் நெருப்பில் போய்விடாது, சாம்பலில் தங்கிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். டிரம்மைப் பற்றி அரை மணி நேரம் பேசியவன், எரிக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செடி மூன்று வருடமாக உறிஞ்சியதை நீங்கள் ஒரே காலையில் மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

முகமெல்லாம் சாம்பலோடு சிரித்தீர்கள். "அப்ப அடுத்த வருசம்தான?"

"அடுத்த வருசம்கா," என்றேன்.

அந்த வருடமே திட்டம் முடிந்தது. டிரம்மை எடுத்துக்கொண்டு இறங்கியவன்தான். உங்களைக் காய்ச்சல் கொண்டுபோனது என்று ஆலங்காயம் பஸ் நிலையத்தில் யாரோ சொன்னார்கள். காரியத்துக்கு வரத் தைரியமில்லை. போன மாதம்தான் வந்தேன். உங்கள் மகன் அதே கொல்லையில் சாமை விதைத்து, அறுத்தும் முடித்திருந்தான். உட்காரவைத்து இலை போட்டான். பக்கத்தில் உங்கள் பேத்தி, நாலு வயது, சாமைச் சோற்றைக் குழம்போடு பிசைந்துகொண்டிருந்தாள்.

இனிமேலும் மறைக்க முடியாமல் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இது வேணாம்பா, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கலாம் என்றேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எங்கம்மா கேட்டப்பல்லாம் அடுத்த வருசம்னீங்க. இதான் சாரு அந்த அடுத்த வருசம். இத்த வுட்டா எங்களுக்கு வேற எந்தக் கொல்லை கீது?"

என்னிடம் திட்டமும் இல்லை, டிரம்மும் இல்லை. பேத்தி இன்னும் கொஞ்சம் கேட்டாள். அவள் அம்மா போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இலையில் இருந்ததையும் சாப்பிட்டு முடித்தேன். கிளம்பும்போது, அம்மா இருந்தா சும்மா அனுப்பாது என்று சொல்லி ஒரு பை நிறையச் சாமை கட்டிக் கொடுத்தான்.

மறுநாள் காலை என் மனைவி அதைக் களைந்து உலையில் போடப் போனாள். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தைப் பிடுங்கி அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன். உங்கள் வீட்டில் எழாத கை, அக்கா, என் வீட்டில் எழ ஒரு நொடிகூட ஆகவில்லை.