நீ போக நினைத்த வீடு

இன்று மத்தியானம் வில்லியனூரில் நூல்கண்டும் லைனிங் துணியும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு பெண் முழங்காலுக்கு வலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை வந்ததுமே உன் வலது கை என் மடியில் கிடப்பது போலிருந்தது. எட்டு மாதம் தினமும் காலையில் நான் தைலம் தேய்த்துவிட்ட கை. ஒதியம்பட்டில் இறங்க மறந்து அடுத்த நிறுத்தம் வரை போய்விட்டேன். நடந்து திரும்பும்போது உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாம் இருவரும் கிளம்பிவிடுவோம். நீ அங்கன்வாடியில் சமைப்பவள், நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். நம்மை யாரும் போகச் சொன்னதில்லை. நோயாளி இருக்கிற வீடு, சாவு விழுந்த வீடு, பிள்ளை பரீட்சையில் தோற்ற வீடு என்று நீயாகத் தேடிப் போவாய். பேசுவது நீ, பழப்பையோடு பின்னால் நிற்பது நான். தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தவரிடம், "மரத்துலேர்ந்துதாண்ணா வுழுந்தீங்க, சாமி கையிலேர்ந்து வுழல" என்றாய். ஒரு மாதமாக யாருக்கும் முகம் கொடுக்காத மனிதர் சிரித்துவிட்டார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "இதெல்லாம் சாமியார் வேலையில்லடி?"

"ஞானஸ்நானம் எனக்குந்தான குடுத்தாங்க" என்றாய்.

"ஒனக்கு மட்டும் எப்படி வார்த்த வருது?"

"வாசப்படி தாண்டுற வரைக்கும் எனக்கும் ஒண்ணும் தெரியாதுடி. உள்ள போயி மூஞ்சிய பாத்தா வந்துடும்."

அப்படிப்பட்ட உன் நாக்கையா பக்கவாதம் பிடிக்க வேண்டும்? அங்கன்வாடி அடுப்படியில் விழுந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலப்பக்கம் அசையவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. "போலாம்." பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், மகளைக் கூப்பிட்டாலும் அதுதான். உனக்கு எல்லாம் புரியும், சொல்லத்தான் வராது என்றார் டாக்டர்.

நம் கோயிலின் அன்பியக் குழுப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று செபம் சொன்னார்கள். நீ "போலாம், போலாம்" என்றதும் ஒருத்தி அழுதுவிட்டாள். "ஆண்டவர்கிட்ட போறேன்னு சொல்லாதக்கா, நீ எங்களுக்கு வேணும்" என்றாள். நீ இடது கையால் கட்டிலை ஓங்கி அடித்தாய். என்ன சொல்ல வந்தாய் என்று எனக்கும் தெரியவில்லை.

நான் மட்டும் என்ன செய்துவிட்டேன்? "அடுத்த மாசம் பேசிடுவ பாரு" என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு தைலம் தேய்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

பின் தெரு ரெஜினாவுக்கு நிறைமாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோன சேதியை உன் மகள்தான் உனக்குச் சொன்னாள். மறுநாள் காலை நான் வந்ததிலிருந்து நீ ஓயவில்லை. "போலாம். போலாம்." தண்ணீர் கொடுத்தேன், தட்டிவிட்டாய். பாத்ரூமா என்றேன், இல்லையென்று தலையாட்டினாய். கோயிலா என்றேன். கடைசியில் இடது கையை ஜன்னலுக்கு நேராக, பின் தெருப் பக்கம் நீட்டினாய்.

"ரெஜினா வூட்டுக்கா?"

உன் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒருத்தி உன்னைச் சரியாகப் புரிந்துகொண்டாள். அந்த வாயால்தான் அடுத்ததையும் சொன்னேன்.

"நீ அங்க போயி இன்னாடி பேசுவ?"

கேலியாகச் சொல்லவில்லை. அங்கே போய் உளறி, நாலு பேர் பார்க்க நீ அவமானப்படுவாயே என்று பயந்தேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். நீ என்னையே பார்த்தாய். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக்கூட நீ கையைத் தூக்கவில்லை. அதன் பிறகு அன்று முழுக்க அந்த ஒரு சொல்லையும் நீ சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் உன் மகள் அழுதுகொண்டு நின்றாள். உனக்கு நினைவு தப்பியிருந்தது. பின் தெருவுக்கென்று கூப்பிட்ட ஆட்டோவில் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். வழியெல்லாம் உன் காதில் மன்னிப்புக் கேட்டேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

அடக்கம் முடிந்த வாரம் ரெஜினா வீட்டுக்குத் தனியாகப் போனேன். நீ சொன்னபடி உள்ளே போய் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் ஈரத் துணியை மார்போடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொன்னேன்.

"அந்தக்கா உன்ன பாக்க வரணும்னு துடிச்சாடி. நாந்தான் கூட்டினு வரல."

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள். "என்னைய பாக்கவா? அவுங்களே முடியாம கெடந்தாங்களேக்கா?"

"காலைலேர்ந்து சொல்லிக்கினே இருந்தா."

அவள் வாய்விட்டு அழுதாள். "பேர் கூட வெக்காத புள்ளைக்கு இன்னா துக்கம் கேக்கறதுன்னு எங்க வூட்டுக்கு யாருமே வரலக்கா" என்றாள். நானும் அழுதேன். என்னால் அவளைத் தேற்ற முடியவில்லை. கிளம்பும்போது, "நாளைக்கும் வரீங்களாக்கா?" என்று கேட்டாள்.

போனேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். அவள் துணி துவைப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் பேசுவாள், சில நாள் இல்லை. அவள் துக்கம் குறைந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மற்ற வீடுகளுக்கும் என்னைக் கூப்பிடுகிறார்கள், நீ இருந்த இடத்தில் நான் இருப்பதாக நினைத்து. என்னிடம் ஒன்றும் இல்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வேன்?

போன வாரம் ரெஜினா, குழந்தைக்குத் தான் மனதுக்குள் வைத்திருந்த பெயரை என்னிடம் சொன்னாள். புருஷனிடம்கூடச் சொன்னதில்லையாம். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய பெயர். அதைக் கேட்டுக்கொள்ள நான்தான் அங்கே இருந்தேன்.