தம்பிக்கு வாங்கின பேனா

மார்ச் 3, செவ்வாய்

கீல் லோடு வந்து இறங்கியது. இரண்டு பெட்டி நனைந்திருந்தது, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

மத்தியானம் என் மகள் குட்டி கடைக்கு வந்தாள். பல் டாக்டர் ஆனபிறகு அவள் இந்தப் பூட்டுக் கடைக்குள் காலெடுத்து வைப்பது வருஷத்துக்கு மூன்று தடவை இருந்தால் அதிகம். நானே ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். ஏப்ரல் பன்னிரண்டு அவளுடைய சொந்தப் பல் ஆஸ்பத்திரித் திறப்பு என்று முடிவாகிவிட்டது. அழைப்பிதழை அச்சடிக்கப் போவதில்லையாம்.

"போன்ல அனுப்பினா யாருப்பா பாக்கறாங்க? நாலே வரி, கையால எழுதி, உறையில பேரும் முகவரியும் கையால. நூத்தி நாப்பது பேருக்கு."

நல்ல யோசனைதான். யார் எழுதப் போவது என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"சித்தப்பாதான். வேற யாருக்கு அந்தக் கையெழுத்து வரும்?"

எனக்கும் ஒரு வேலை உண்டாம். சித்தப்பாவின் பேனா ஒழுகுகிறது. பட்டையாக, அலங்காரமாக எழுதவும் வரணும், பள்ளிக்கூடத்தில் தினமும் எழுதவும் ஆகணும், அப்படி ஒன்று வேண்டும். "சாமான் பார்த்து வாங்கறதுல நீங்க கில்லாடிப்பா. நீங்களே வாங்கிக் குடுங்க."

ஆஸ்பத்திரிக்கு இடம் பார்த்தது நான். கதவு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் என் கடைச் சரக்கு. ஊருக்கே போகிற காகிதத்தில் அவன் கை.

மார்ச் 4, புதன்

பேனாக் கடைக்குப் போகவில்லை. வேலை இருந்தது என்று எழுதினால் அது பொய்.

மார்ச் 6, வெள்ளி

தம்பியைப் பற்றி எழுதிவிடுகிறேன். உள்ளேயே வைத்திருந்தால் புளிக்கிறது.

அவன் கணக்கு வாத்தியார். என்னைவிட ஆறு வயது சின்னவன். அப்பா போனபோது எனக்குப் பதினாறு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு சைக்கிளில் பூட்டுக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். அவன் படித்தான். நான்தான் படிக்க வைத்தேன், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

எரிச்சல் வேறு இடத்தில். குட்டி சின்னவளாக இருந்தபோது நான் கடையைச் சாத்திவிட்டுப் போனால் அவள் தூங்கியிருப்பாள். அவள் நோட்டைப் பிரித்தால் ஒவ்வொரு பாடத்துக்கும் தலைப்பு அவன் எழுதிக் கொடுத்தது. வளைவும் நெளிவுமாக, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல. அதைப் பார்த்துப் பார்த்தே அவளும் எழுதப் பழகினாள். இப்போது மருந்துச் சீட்டில் அவள் போடுகிற 'ழ'வும் அவனுடைய 'ழ'தான்.

என் பெண்ணின் கைக்குள் அவன் உட்கார்ந்திருக்கிறான். எழுதும்போதே வயிறு எரிகிறது. சரி, எரியட்டும். நானே படிக்கப்போகிற நோட்டு, இதில் யாருக்காக நல்லவன் வேஷம்?

மார்ச் 10, செவ்வாய்

போனேன்.

இரண்டு ஆள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாத கடை. கல்லாவில் ஒரு அம்மாள், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். பேனாவைக் கையில் கொடுத்தார். எழுதிப் பார்க்கிறவன் என்ன செய்வான்? கையெழுத்துப் போட்டேன்.

"கையெழுத்து வேண்டாம் சார். கையெழுத்துல எல்லாரும் சுருக்கமா ஏமாத்திடுவாங்க. வீட்டு முகவரி எழுதுங்க. அதுதான் இந்தக் கடைச் சட்டம்."

முகவரி எழுதினேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அழுத்தறீங்க. ஆணி அடிக்கிற கை."

"பூட்டு விக்கிற கைம்மா."

"பூட்டுக்கு வேணா அழுத்துங்க. மை தானா இறங்கும், நீங்க வழி மட்டும் காட்டினா போதும்."

முதலில் எனக்குப் பிடித்தது பித்தளை உடம்பு. கையில் வைத்தால் கனம் தெரிந்தது, சரக்கு என்று சொல்லலாம். அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். நூற்றுக்கணக்கில் எழுதுகிறவருக்கு மணிக்கட்டு கழன்றுவிடுமாம். இரண்டாவது ரொம்ப லேசு, பேனா முள் காகிதத்தில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்றாவது கறுப்பு, நடுத்தரக் கனம். மூடியைப் பத்துத் தடவை திருகித் திறந்தேன். ஒன்றேகால் சுற்றில் பிடித்தது, மரையில் ஆட்டமே இல்லை. எவன் கடைந்தானோ, வேலை தெரிந்தவன். இதில் முள்ளைக் கழற்றி மாட்டலாம். உருண்டை முனை தினசரிக்கு. தட்டையாக வெட்டின முனை அழகெழுத்துக்கு, மேலிருந்து இழுத்தால் தடிக்கும், பக்கவாட்டில் போனால் மெலியும். ஒரே உடம்புக்கு இரண்டு மூக்கு.

பேரம் பேசினேன். அவர் மசியவில்லை. மசியாத ஆளிடம் வாங்குவதில் ஒரு திருப்தி எனக்கு எப்போதும் உண்டு.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "பேனா மை மட்டும் ஊத்தணும். படம் வரையற கறுப்பு மைன்னு ஒண்ணு விக்கும், தண்ணியில கரையாது. அதுல அரக்கு இருக்கு. உள்ள காய்ஞ்சா கல்லாயிடும்."

இது எனக்குப் புதிதா என்ன? பூட்டுக்குள் சமையல் எண்ணெய் விடாதே, பிசினாகிப் பூட்டே செத்துவிடும் என்று முப்பது வருஷமாக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் நான் சொல்வதுதானே.

மார்ச் 13, வெள்ளி

பேனாவை இன்னும் கொடுக்கவில்லை. "டெஸ்ட் பண்ணிப் பாத்துக் குடுக்கறேன்" என்று குட்டியிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று நாளாகக் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் தட்டை முனையைப் போட்டு எழுதிப் பார்க்கிறேன். அவள் பெயரை மட்டும். நாலு பக்கம்.

இவள் சாப்பாடு கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்துவிட்டாள். "என்னங்க இது, கோழி கிண்டின மாதிரி?"

"சாமானை டெஸ்ட் பண்றேன்."

"சாமானையா, உங்களையா?"

கட்டினவள் வாய் இருக்கிறதே.

மார்ச் 14, சனி

கொடுத்துவிட்டேன். தம்பி வாங்கி, பார்க்கவே இல்லை, நேராக எழுதினான். ஒரே ஒரு சொல்: 'வருக.' நான் மூன்று நாள் மல்லுக்கட்டின அதே முனைதானே? அதே மைதானே? காகிதத்தில் அது அப்படியே எழுந்து நின்றது.

"ண்ணா, பேனா பிரமாதம்!"

குட்டி அவன் தோளில் தொங்கிக்கொண்டு, "சித்தப்பா, இன்னொண்ணு எழுதுங்க, இன்னொண்ணு" என்றாள். முப்பது வயது டாக்டர்.

பேனா பிரமாதமாம். வாங்கினவனைப் பற்றி யாரும் பேசவில்லை.

மார்ச் 21, சனி

இன்றைக்கு நடந்ததை நேராக எழுதுகிறேன்.

தம்பி வீட்டுக்குப் போனேன். மேசையில் உறைகள் அடுக்கியிருந்தன, நாற்பதுக்கு மேல் முடித்துவிட்டான். பக்கத்தில் புது மைப்புட்டி. சதுரமாக, மூடியில் தூரிகைப் படம் போட்டது. குட்டி வாங்கிக் கொடுத்தாளாம். "உறை மழையில நனைஞ்சாலும் பேரு அழியாதாம் ண்ணா. இப்பத்தான் ரொப்பினேன். என்னா கறுப்பு பாரு!"

பார்த்தேன். லேபிளையும் படித்தேன்.

சொல்ல வாய் திறந்தேன். அந்த நேரம் பார்த்து குட்டியிடமிருந்து அவனுக்குப் போன். எனக்கு இல்லை, அவனுக்கு. இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் காபியைக் குடித்துவிட்டு, "வரேன்டா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

முகம் தெரியாதவனுக்கெல்லாம் இலவசமாகச் சொல்கிற புத்தி, கூடப் பிறந்தவனுக்குச் சொல்ல நாக்கு வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். பண்ணவில்லை.

மார்ச் 26, வியாழன்

பேனா நின்றுவிட்டது. அறுபத்து மூன்றாவது உறையில்.

குட்டி சொன்னாள். குரல் உடைந்திருந்தது. தம்பி பழைய பேனாவில் எழுதிப் பார்த்தானாம், ஒழுகி நாலு உறை பாழ். "அச்சடிச்சிடலாமாப்பா?" என்று என்னைக் கேட்டாள். என்னை! இதற்குத்தானே ஆசைப்பட்டேன், அவள் முதலில் என்னிடம் வரவேண்டும் என்று? வந்துவிட்டாள்.

மார்ச் 29, ஞாயிறு

தம்பியைப் பார்த்தேன். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தப்பு என் மேலதான் ண்ணா. கை முன்ன மாதிரி இல்ல போல. தெரியாம அழுத்தி முள்ளைக் கெடுத்திருக்கேன். நீ எவ்வளவு பாத்துப் பாத்து வாங்கின... இந்த வருஷம் ஸ்கூல் சர்ட்டிபிகேட்டும் எழுத வரலன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்றேன். அவன் நம்பவில்லை. நான் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

அவன் எழுத்து நிற்கவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். நினைத்தேன், ஆமாம். அவன் கையே போய்விட்டதாக அவனே நம்பவேண்டும் என்றா நினைத்தேன்? அட பாவி.

மார்ச் 30, திங்கள்

பேனாவைத் தம்பியிடம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குட்டி தனியாக, ஏதோ மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். அந்தப் புட்டியில் அரக்கு, அது உறைந்துபோகும், எனக்குத் தெரியும், பார்த்தேன், சொல்லவில்லை.

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொல்லல."

"ஏம்ப்பா?"

வேறு சொல் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. "பொறாமை" என்றேன்.

"அம்பத்தெட்டு வயசுல?"

"அம்பத்தொம்பது."

அவள் சிரிக்கவில்லை. பேனாவைப் பிடுங்கினாள். முள்ளைக் கழற்றினாள். அந்த மெஷின் பல் கருவிகளைக் கழுவுவது, தண்ணீரை நடுங்க வைத்தே அழுக்கை உதிர்க்கும். எந்த நோயாளியின் கருவியும் இன்னும் அதில் படவில்லை. முதல் நோயாளி இந்தப் பேனா. ஏதோ ஒரு திரவம் கலந்து, உள்ளே போட்டு மூடியை அமுக்கினாள். ஊம்ம் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் கறுப்பு, புகை மாதிரி அடியில் இறங்கியது. நாலு தடவை தண்ணீர் மாற்றினாள். முள்ளின் கண்ணுக்கே தெரியாத பிளவுகளை ஊசி மாதிரி ஒன்றால் சுத்தம் பண்ணினாள். என்ன கை அது! வாத்தியார் கையும் இல்லை, பூட்டுக்காரன் கையும் இல்லை.

"டார்ச்சை நேரா பிடிங்க" என்றாள். ஒரு மணி நேரத்தில் பேசினது அவ்வளவுதான். கடைசியில் பேனாவைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். "சித்தப்பாகிட்ட நீங்களே சொல்லணும்."

மார்ச் 31, செவ்வாய்

சொன்னேன். தம்பி மனைவி வாசலிலேயே நின்று முழுதும் கேட்டாள். தம்பி திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன்.

"அப்ப என் கைக்கு ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்லடா."

"நிஜமா?" பேனாவை வாங்கி எழுதினான். ஓடியது. விழுந்து விழுந்து சிரித்தான். "நான் நரம்பு டாக்டர்கிட்ட நாள் வாங்கி வச்சிருக்கேன் ண்ணா!" உடனே போனை எடுத்து ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டான். நான் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு அறை கொடுத்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். நல்லவனாக இருப்பதிலும் அவனே ஒரு படி மேலே போய்விடுகிறான். அதுவும் பொறுக்கவில்லை எனக்கு.

அவன் மனைவி கொடுத்த காபியில் சர்க்கரை இல்லை. மறந்தாளா, வேண்டுமென்றேவா? கேட்காமல் குடித்தேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

குட்டி என்னிடம் பேசுவதில்லை. "உங்க வீட்டுக்காரரை மூணு தாழ்ப்பாள் அனுப்பச் சொல்லுங்கம்மா" என்று இவளிடம் சொல்கிறாள், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அனுப்பினேன். நல்லதாகவே.

ஏப்ரல் 8, புதன்

கடைக்குப் போன். குட்டி.

"சித்தப்பா எல்லாத்தையும் முடிச்சிட்டார். லிஸ்டைச் சரிபார்த்தேன். சித்தப்பா பேரே இல்ல. எழுதினவருக்கு யாரும் எழுதல."

"அவனையே எழுதிக்கச் சொல்லு."

"அப்பா."

ஒன்பது நாளைக்குப் பிறகு அந்த 'அப்பா'. மறுபேச்சு பேசவில்லை. தம்பி எழுதின அழைப்பு அட்டை ஒன்று உபரியாக இருந்தது, அதையும் பேனாவையும் உறைகளையும் கொடுத்தனுப்பினாள். தட்டை முனையைத் தொடவில்லை, உருண்டை முனையைப் போட்டேன். அழுத்தவில்லை. முதல் உறையில் அவன் பெயர் ஏறுமுகமாக மலையேறியது. இரண்டாவதில் இறங்கியது. ஒன்பது உறை கெட்டது. அவன் பெயரை நான் இதுவரை முழுசாக எழுதினதே இல்லை என்று ஏழாவதில்தான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பாரத்தில்கூட அம்மாதான் எழுதினாள். எனக்கு அவன் எப்போதும் 'டேய்'.

பத்தாவதை இவள் எடுத்துப் பார்த்தாள். "கோழி கிண்டல. நடந்துதான் போயிருக்கு. ஒட்டுங்க."

ஏப்ரல் 12, ஞாயிறு

திறப்பு நன்றாக நடந்தது. வருகிறவர்களெல்லாம் உறையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள், டிக்கெட் மாதிரி. யார் எழுதினது, யார் எழுதினது என்று கேள்வி. குட்டி ஒவ்வொரு தடவையும் சித்தப்பாவைக் கை காட்டினாள். ஒருவர் தன் மகன் கல்யாணத்துக்கு எழுதித் தரமுடியுமா என்று அங்கேயே பிடித்துக்கொண்டார். எனக்கு எரிந்தது. பழைய அளவுக்கு எரியவில்லை என்று எழுத ஆசைதான், அளந்து பார்க்கவில்லை. கதவு சத்தமில்லாமல் திறக்கிறதே என்று ஒருவரும் சொல்லவில்லை. என் கீல் அது.

சாப்பிடும்போது தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் சட்டைப் பையில் நான் எழுதின உறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒட்டினது ஒட்டினபடி.

"ஏன்டா பிரிக்கவே இல்ல?"

"உள்ள இருக்கறது நான் எழுதினதுதானே ண்ணா" என்றான். "அதை எதுக்குக் கிழிச்சுப் பாக்கணும்?"